தொகுப்பு நூலா, முழு நூலா: வீட்டில் பயிலும் பதின்பருவப் பிள்ளைகளுக்கு இலக்கியம் கற்பிக்கும் வழி

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோருக்குக் கணக்கும் அறிவியலும் எப்படியோ ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. பிள்ளைக்கு 13 வயது ஆகும்போது இலக்கியத்தில்தான் கை தயங்குகிறது. சங்கப் பாடல் முதல் இன்றைய சிறுகதை வரை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளித் தரும் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கி முதற்பக்கத்திலிருந்து நடத்துவதா, அல்லது நான்கைந்து நூல்களை மட்டும் எடுத்து அவற்றைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வைப்பதா என்பதுதான் அந்தத் தயக்கம். காட்பாடியில் எங்கள் வீட்டில் மகளும் மகனும் இவ்வாறு பயிலத் தொடங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வழியிலும் தவறு செய்து பார்த்த பிறகு எழுதும் குறிப்பு இது.

முதல் ஆண்டு நான் தொகுப்பையே நம்பினேன். ஜூனில் தொடங்கி மார்ச்சுக்குள் 40 பகுதிகளை முடித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் குறிப்பு, சொற்பொருள், ஐந்து வினாவிடை என்று நோட்டு நிரம்பியது. கடைசியில், இவற்றில் உனக்குப் பிடித்தது எது என்று மகளைக் கேட்டபோது, "எது எந்தக் கதைன்னே ஞாபகம் இல்லம்மா, எல்லாம் பாதியில நின்னுபோச்சு" என்றாள். அந்தக் கோபத்தில் அடுத்த ஆண்டு தொகுப்புகளைப் பரணில் ஏற்றிவிட்டு முழு நூல்கள் மட்டுமே என்று உறுதி எடுத்தேன். விளைவு, ஆறு மாதம் ஒரே பெரிய நாவலில் சிக்கிக்கொண்டோம். அந்த ஆறு மாதத்தில் ஒரு கவிதைகூட வீட்டுக்குள் வரவில்லை.

பிழை எங்கே என்பது பிறகுதான் விளங்கியது. தொகுப்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். முழுமையான சிறு படைப்புகளைச் சேர்த்து வைத்தது ஒன்று. பெரிய படைப்புகளிலிருந்து வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்தது மற்றொன்று. முதலாவது நமக்குப் புதியதே அன்று. எட்டுத்தொகை என்ற பெயரிலேயே தொகை இருக்கிறது. பழந்தமிழ்க் கவிதையில் பெரும்பகுதி நம் கைக்கு வந்து சேர்ந்ததே தொகுத்தவர்களின் தயவால்தான். ஆனால் அவர்கள் எந்தப் பாட்டையும் பாதியில் வெட்டவில்லை. அடியளவைப் பார்த்து, 4 முதல் 8 அடி வரை உள்ளவற்றைக் குறுந்தொகையிலும், 9 முதல் 12 அடி வரை உள்ளவற்றை நற்றிணையிலும், 13 முதல் 31 அடி வரை உள்ளவற்றை அகநானூற்றிலும் பெரும்பாலும் அமைத்தார்கள். பத்துப்பாட்டைத் தொகுத்தவரோ 103 அடி முல்லைப்பாட்டையும் 782 அடி மதுரைக்காஞ்சியையும் ஒரே வரிசையில் முழுதாக வைத்தார். ஆகவே ஒரு நூலைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது, இது தொகுப்பா இல்லையா என்பதை அன்று. இதில் உள்ளவை முழுமையானவையா, துண்டுகளா என்பதைத்தான்.

குறும்பாடல்களுக்குத் தொகுப்பு

குறும்பாடலுக்கும் சிறுகதைக்கும் தொகுப்பே சரியான வீடு. எங்கள் வழக்கம், காலையில் 15 நிமிடம் ஒரு பாட்டு என்பது. அதற்கு மேல் நீட்டினால் அது வகுப்பாகிவிடும். குறுந்தொகையின் 3-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தினும் பெரிதே; வானினும் உயர்ந்தன்று;
நீரினும் ஆரளவின்றே, சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

இதை நடத்தும்போது கடைசிச் சொல்லைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, நிலத்தைவிடப் பெரியது எது என்று பிள்ளைகளைக் கேட்டேன். மகன் மலை என்றான், பிறகு கடல் என்றான், நீரும் வரிசையில் வந்துவிட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். காகிதத்தை எடுத்தபோது 'நட்பே' என்று இருந்தது. நான்கு அடியும் ஒரே வாக்கியம். அதன் எழுவாய் கடைசிச் சொல்லில்தான் வருகிறது. முதல் இரண்டு அடிகளை மட்டும் மேற்கோளாகக் கொடுத்திருந்தால் பாட்டின் உயிரே போயிருக்கும். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற ஓர் அடியைச் சுவரில் கண்டு வளரும் பிள்ளைகள், புறநானூற்றின் அந்த 192-ஆம் பாட்டில் ஆற்றோடு போகும் புணையும், பெரியோரை வியத்தலும் இலமே என்ற முடிவும் இருப்பதை அறியாமலே இருப்பதும் இதே கதைதான். மீதி 12 அடியையும் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தொகுப்பைத் தொகுப்பாகவே படிக்கவும் பழக்கலாம். அகநானூற்றின் ஐம்பது பாடல்களின் எண்ணையும் திணையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தொகுத்தவர் எந்தக் கணக்கில் வரிசைப்படுத்தினார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, 2-லும் 8-லும் முடிபவை குறிஞ்சி, 4-இல் முடிபவை முல்லை, 6-இல் முடிபவை மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல் என்பதைக் கணக்கில் விருப்பமுள்ள பிள்ளை கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். இலக்கியத்தை வெறுத்த என் மகன் முதன்முதலாக அகநானூற்றைத் தானே கையில் எடுத்தது அன்றுதான். ஆண்டின் முடிவில் தனக்குப் பிடித்த இருபது பாடல்களைத் தேர்ந்து, ஏன் இந்த வரிசை என்று ஒரு பக்க முன்னுரையுடன் ஒரு சொந்தத் தொகுப்பு செய்யச் சொல்வது, எந்தத் தேர்வுத் தாளைக் காட்டிலும் பிள்ளை என்ன படித்தது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

காலம் எடுத்துப் பொருள் தரும் நூல்கள்

காப்பியம், நாவல், தன்வரலாறு ஆகியவை வேறு வகை. அவற்றில் ஒரு பொருள் முதலில் வந்த இடத்துக்கும் மீண்டும் வரும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரமே பொருளைத் தருகிறது. தொகுப்புகளில் விரும்பிச் சேர்க்கப்படுவது சிலப்பதிகாரத்தின் 20-ஆவது காதையான வழக்குரை காதை. காரணம் வெளிப்படை: நாடகத்தன்மை, ஒரு பெண்ணின் நேர்ப்பேச்சு, அரை மணி நேரத்தில் முடியும் அளவு. அதை மட்டும் படித்தபோது என் மகளுக்குக் கண்ணகி, தலைவிரி கோலமாக அரண்மனைக்குள் வந்து 'தேரா மன்னா' என்று சீறும் ஒரு பெண். சிலம்பு, வழக்கில் காட்டப்படும் சான்று.

இரண்டாண்டு கழித்து நூலை முதலிலிருந்து எடுத்தோம். 9-ஆவது காதையான கனாத்திறம் உரைத்த காதையில், சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமனைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்ல, கண்ணகி 'பீடன்று' (அது பெருமையன்று) என்று ஒரே சொல்லில் மறுக்கிறாள். அப்போதே கோவலன் வீட்டு வாசலில் நிற்கிறான். குலப்பொருளைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருகிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் போலும் என்று எண்ணிக்கொண்டு, கண்ணகி முகத்தில் முறுவலோடு 'சிலம்புள கொண்ம்' என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்பது இதன் பொருள். பதினொரு காதை கடந்து மன்னன் முன்னால் அதே சிலம்பை அவள் உடைத்து மாணிக்கம் தெறித்த இடத்தில் மகள் படிப்பதை நிறுத்திவிட்டாள். "அம்மா, இந்தச் சிலம்பத்தானே அன்னிக்குச் சிரிச்சிக்கினே எடுத்துக்கோன்னா?" என்றாள். நான் நடத்தியிருந்த எந்த வினாவிடையும் அவளை அந்த இடத்துக்குக் கொண்டு சேர்த்திருக்காது. பீடன்று என்று சொன்னவள்தான் தேரா மன்னா என்றும் சொல்கிறாள் என்பதை அவளே அடுத்த வாரம் எழுதினாள்.

முழு நூல் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் 30 காதைகள். வாரத்துக்கு மூன்று என்றால் பத்து வாரம். எல்லாவற்றையும் மூலத்தில் படிக்க வேண்டும் என்று 15 வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதும் தவறுதான். நாங்கள் மங்கல வாழ்த்துப் பாடல், கானல் வரி, கனாத்திறம் உரைத்த காதை, அடைக்கலக் காதை, ஆய்ச்சியர் குரவை, வழக்குரை காதை ஆகிய ஆறை மூலத்தில், ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையின் துணையோடு உரக்கப் படித்தோம். மற்றவற்றை உரைநடையில் படித்தோம். இசை நாட்டிய இலக்கணம் செறிந்த அரங்கேற்று காதையை நான் கதைச் சுருக்கமாகவே சொல்லி நகர்ந்தேன். இசை பயிலும் பிள்ளையாக இருந்தால் நேர்மாறாக அங்கேயே ஒரு வாரம் தங்கலாம்.

கம்பராமாயணம் போன்ற பெருங்கடலை எந்த வீடும் ஓர் ஆண்டில் முடிக்காது. அங்கே வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுவதைப் புலவரே விட்ட மூட்டில் வெட்டுங்கள். பத்துப் பாடலைப் பொறுக்குவதைவிட ஒரு படலத்தை முழுதாக எடுப்பது நல்லது. அயோத்தியா காண்டத்தில் குகப் படலத்தையும், பரதன் கங்கைக் கரைக்கு வரும் கங்கை காண் படலத்தையும் அடுத்தடுத்து வைத்தால், இராமன்மேல் அன்பில் உருகிய அதே குகன் பரதனைப் பகைவன் என்று நினைத்துப் போருக்குக் கிளம்புவதையும், மரவுரி தரித்த பரதனின் நிலையைக் கண்டு மனம் மாறுவதையும் பிள்ளை ஒரே மூச்சில் பார்க்கும்.

எந்த நாவலை, எப்போது

வேலூர்ப் பக்கம் கத்திரி வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. அந்த நீண்ட பிற்பகல்கள் நாவலுக்கு என்றே அமைந்தவை. நான் கண்ட அளவில், பதின்பருவத்தினர் முதல் முழு நாவலாகச் சிறியதையும், தமக்குப் பழகிய ஒன்று உள்ளதையும் எளிதில் பற்றிக்கொள்கிறார்கள். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து, குழாயடியில் குடத்தோடு நின்ற பிள்ளைக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையில் நடந்தாலும் விளக்கம் கேட்காது. ஆந்திரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றிய கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', வீட்டில் தெலுங்கு பேசும் பல குடும்பங்கள் உள்ள நம் எல்லைப்புறத்தில் தாத்தா பாட்டியிடமும் பேச்சை எடுத்துத் தரும்.

1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' நம் வட ஆற்காட்டு மண்ணில் பிறந்தவர் எழுதியது. வாலாஜாவும் பாலாறும் கதைக்குள்ளேயே வருகின்றன. இன்றைய பிள்ளைக்கு அதில் அறிவுரை சற்று மிகுதி என்று படும், அது உண்மையும்கூட. ஆயினும் வேலய்யன், சந்திரன் என்ற இரு நண்பர்களின் வாழ்க்கை பள்ளி வயதிலிருந்து மெல்லப் பிரிந்து போவதைத் துண்டாகக் கொடுத்தால் அறிவுரை மட்டும்தான் மிஞ்சும். முழுதாகப் படித்தால்தான் பிரிவு தெரியும்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம் என்பதால் தயங்குவோர் உண்டு. வார இதழில் தொடராக வந்த கதை ஆதலால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்கு இழுத்துச் செல்லும்; 14 வயதில் ஒரு கோடை விடுமுறை போதும். இடையில், சோழ இளவரசன் இராசாதித்தன் 949-இல் போரில் வீழ்ந்த தக்கோலத்துக்கும், இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை (இறந்தவர் நினைவுக் கோயில்) எழுப்பிய மேல்பாடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய்வரலாம். வரலாறு எது, கற்பனை எது என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டியதில்லை, கல்வெட்டின் முன் நிற்கும்போது பிள்ளையே எழுப்பும்.

நாவல் படிக்கும் நாட்களில் முதல் 50 பக்கத்துக்கு எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். நீங்களும் அதே நூலைப் படித்துக்கொண்டிருப்பது மட்டும் கட்டாயம். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு படியும் வீட்டில் ஒரு படியும் கிடைத்தால் போதும். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் மதுரைத் திட்டமும் செலவில்லாமல் உதவும். பேச்சு, மாலையில் கடைக்கு நடக்கும்போது தானாக வரட்டும். நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதுமானது: இன்று எந்த இடத்தில் நிறுத்தினேன், ஏன் அங்கே நிறுத்தினேன்.

தொகுப்பு வாங்கும்போது

பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு விலையைப் பார்க்காதீர்கள்; உள்ளே மூன்று இடங்களைப் புரட்டுங்கள். கதையின் அடியில் 'நாவலின் ஒரு பகுதி' என்ற குறிப்பு எத்தனை முறை வருகிறது, செய்யுளுக்குத் திணை, துறை, பாடல் எண் இருக்கின்றனவா, எளிமைப்படுத்திய உரைநடையாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா என்பவை போதும். ஒருமுறை நான் வாங்கிய ஒரு சிறுகதைத் தொகுப்பில், எனக்கு நன்கு தெரிந்த கதை ஒன்றின் முடிவுப் பத்தியே இல்லை. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அதைக் குறிப்பிடவும் இல்லை. அந்த நூலை இப்போது, பதிப்பாசிரியர் என்ன செய்யக் கூடாது என்று காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்பு எழுதலாம். தமிழ் அங்கே ஒரு பாடமாக உண்டு. தேர்வுக்கு உரிய பாடநூல் இயல்பாகவே தொகுப்புதான், அதில் துண்டுகளும் இருக்கும். அதைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பதால் மதிப்பெண் வராது. தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு பாடநூலை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அது எந்த முழு நூலின் எந்த இடம் என்று ஒரு வரி எழுத வைத்து நடத்துங்கள். ஏற்கெனவே முழு நூல் சிலவற்றைப் படித்த பிள்ளை அந்த மூன்று மாதத்தில் சுலபமாகத் தேறிவிடும். ஆண்டு முழுவதும் பாடநூலை மட்டும் வைத்து அரைத்தால் அலுப்புதான் மிஞ்சும்.

செங்கத்துக்கு ஒரு நூல்

தொகுப்புக்குள்ளேயே முழு நூல் இருக்க முடியும் என்பதற்குப் பத்துப்பாட்டின் மலைபடுகடாம் நம் பகுதியின் சான்று. அது பாடும் மன்னன் நன்னனின் தலைநகரான செங்கண்மா, பழைய வட ஆற்காட்டின் செங்கம். 583 அடி, நாளுக்கு 50 அடி வீதம் 12 நாள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், எதிர்ப்படும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டு என்பதால் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, படிக்கப் படிக்க வழியை வரையச் சொல்லுங்கள்: எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், சேயாறு எந்தப் பக்கம் வரும். தொடக்கத்தில் வரும் முழவு, ஆகுளி, தூம்பு, குழல் என்ற இசைக்கருவிப் பட்டியலில் அவசரப்பட வேண்டாம்; பெயர் விளங்காவிட்டாலும் உரக்கப் படித்தால் சுமை தூக்கி நடக்கும் நடை காதில் விழும். எங்கள் மகன் வரைந்த தாள் எட்டு மடிப்பாக மடிந்து, செங்கம் போகும் பேருந்தில் அவன் சட்டைப் பையில் இருந்தது. பருவதமலை தெரிந்தபோது அதை எடுத்து விரித்தான். வடக்கைத் தெற்காகப் போட்டிருந்தான்.

இறுதியாக ஓர் அனுமதி. ஒரு நூலை 60 பக்கம் படித்த பிறகு வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. ஆனால் வைத்த இடத்தில் அடையாளத் தாள் இருக்க வேண்டும், நூல் அலமாரியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. 'அகல் விளக்கு' அப்படி இரண்டு முறை மகனின் கையிலிருந்து இறங்கியது. போன ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்த அன்று, ஊரே பாலத்தின்மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய இரவு, அந்த அடையாளத் தாள் நாற்பது பக்கம் தள்ளிப் போயிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.